காற்றடிக்கும் விண்மீன்கள்: எக்ஸ் கதிர் கூடுவதும் குறைவதும் – வாசகர் கேள்வி பதில்

சூரியனைவிடப் பல மடங்கு நிறையும் பலத்த காற்றும் கொண்ட விண்மீன்களின் எக்ஸ் கதிர் பற்றி வந்த கேள்விகளில் எட்டுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

சூரியனில் காந்தப்புலம் முறுக்கிக்கொண்டு வெடிப்பதால் எக்ஸ் கதிர் வருகிறது என்று படித்தேன். மிகச் சூடான, நிறை மிகுந்த ஓ வகை விண்மீனின் மேற்பரப்பில் சூரியனில் இருப்பதுபோன்ற கொதிப்பே கிடையாதாமே? பிறகு அங்கே எக்ஸ் கதிர் எங்கிருந்து வருகிறது?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

காற்றிலிருந்து வருகிறது. இந்த உண்மை தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1978 நவம்பரில் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் எக்ஸ் கதிர் தொலைநோக்கியைச் சரிபார்க்க, சிக்னஸ் எக்ஸ்-3 என்ற வேறொரு பொருளை நோக்கித் திருப்பினார்கள். அதே படச்சட்டத்தின் ஓரத்தில், சிக்னஸ் ஓபி2 கூட்டத்தைச் சேர்ந்த ஓ வகை விண்மீன்கள் எக்ஸ் கதிரில் ஒளிர்ந்துகொண்டிருந்தன. இவ்வகை விண்மீன்கள் வெளியிடும் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு எக்ஸ் கதிராக வருகிறது என்பது பிறகு தெரிந்தது.

ஸீட்டா பப்பிஸ் என்ற விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். நாவோஸ் என்றும் அதற்குப் பெயர். மேற்பரப்பு சுமார் 40,000 டிகிரி. அதிலிருந்து பீறிடும் புற ஊதா ஒளியைக் கார்பன், நைட்ரஜன், இரும்பு முதலான அணுக்கள் தத்தம் நிறமாலைக் கோடுகளில் உறிஞ்சுகின்றன. ஒளி தரும் உந்தத்தால் அந்த அணுக்கள் வெளியே தள்ளப்பட, மற்ற வாயுவும் அவற்றோடு இழுபட்டுப் போகிறது. இப்படிக் கிளம்பும் காற்று நொடிக்கு 2,250 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. ஆண்டுக்கு இழக்கும் நிறை, சூரியனின் நிறையில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. சூரியக் காற்றோடு ஒப்பிட்டால் சுமார் 10 கோடி மடங்கு.

இந்தக் காற்றால் சீராக வீச முடியாது. ஒளியால் தள்ளப்படும் விதத்திலேயே ஒரு நிலையின்மை இருக்கிறது. தேர் பார்க்கக் கூடிய கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்பவர் மறைக்கிறார். நீங்கள் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் தேர் முழுசாகத் தெரிகிறது. காற்றில் உள்ள ஒரு வாயுத் திட்டுக்கும் இதே நிலைதான். விண்மீனிலிருந்து வரும் ஒளியைப் பின்னால் வரும் வாயு அதே அலைநீளத்தில் முன்கூட்டியே உறிஞ்சிவிடுகிறது. திட்டு சற்றே வேகம் கூடினால் டாப்ளர் விளைவால் அது உறிஞ்சும் அலைநீளம் இடம் மாறி, யாரும் தொடாத புது ஒளி அதன்மேல் விழுகிறது. அதனால் இன்னும் வேகம் கூடுகிறது. கூடக்கூட மேலும் புது ஒளி கிடைக்கிறது. சிறு தடுமாற்றமாகத் தொடங்கியது, வேகமான வாயு மெதுவான வாயுவின்மேல் மோதும் அதிர்ச்சி அலையாக முடிகிறது.

மோதும் வேக வித்தியாசத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிடலாம். நொடிக்கு 1,000 கிலோமீட்டர் வித்தியாசம் என்றால் சுமார் 1 கோடியே 40 லட்சம் டிகிரி. வெப்பநிலை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 500 கிலோமீட்டருக்கு அதில் கால்பங்கு, அதாவது 35 லட்சம் டிகிரி. ஸீட்டா பப்பிஸில் இந்த அளவில்தான் வெப்பம் இருக்கிறது. அதனால் அதன் எக்ஸ் கதிர் பெரும்பாலும் மென்மையானது, அதாவது ஆற்றல் குறைந்தது: 2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே (எக்ஸ் கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு இது). ஆற்றல் மிகுந்ததை வன் எக்ஸ் கதிர் என்போம்.

காற்று அத்தனை கொந்தளிப்பானது என்றால் எக்ஸ் கதிர் மினுக் மினுக்கென்று துடிக்க வேண்டுமே? ஸீட்டா பப்பிஸ் சீராக இருக்கிறது என்கிறார்களே!
– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கும்பகோணம்

வந்த கடிதங்களில் எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சீராக இருப்பதும் ஓர் அளவீடுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

காற்று அந்த விண்மீனின் ஆரத்தின் அளவு தூரத்தைக் கடக்க ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஒரே ஒரு பெரிய அதிர்ச்சி அலைதான் எக்ஸ் கதிரைத் தருகிறது என்றால், அந்தக் கால அளவில் வெளிச்சம் கண்டபடி ஏறி இறங்க வேண்டும். எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற ஐரோப்பிய எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கி பத்தாண்டுக்கு மேல் திரும்பத் திரும்பப் பார்த்த தரவில் அப்படி எதுவும் இல்லை. மணிக்கணக்கில் வரும் குறுகிய துடிப்பு, ஃபோட்டான் (ஒளித்துகள்) எண்ணிக்கையின் இயல்பான தடுமாற்றத்துக்கு மேலே எழவே இல்லை.

இதற்கு என்ன பொருள்? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல திட்டுகள் தனித்தனியே மின்னினால், மொத்த வெளிச்சத்தின் தடுமாற்றம் திட்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகக் குறையும். 100 திட்டு என்றால் 10 சதவீதம். 10,000 என்றால் 1 சதவீதம். ஒரு லட்சம் என்றால் 0.3 சதவீதம். ஸீட்டா பப்பிஸின் தரவு கடைசி வகை: ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டுகள் ஒரே நேரத்தில் எரிந்துகொண்டிருந்தால்தான் இவ்வளவு சீராக இருக்க முடியும் என்று 2013-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்துப் பார்க்க முடியாத காற்றுக்குள் எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்று, துடிப்பு இல்லை என்ற ஒரே செய்தியிலிருந்து எண்ணிவிட்டார்கள்.

இதே காற்று, ஒற்றைத் திட்டை மட்டும் பார்க்க வாய்த்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

வேலா எக்ஸ்-1 பற்றிப் படித்தேன். அதுவும் பெருநிறை விண்மீன்தானே? அதன் எக்ஸ் கதிர் மட்டும் ஏன் இப்படிக் கண்டபடி பாய்கிறது?
– வாசகர், யாழ்ப்பாணம்

அங்கே எக்ஸ் கதிரைத் தருவது காற்று நேரடியாக அல்ல. அந்தக் காற்றைக் குடிக்கும் நியூட்ரான் விண்மீன். எச்.டி. 77581 என்ற பி வகை மீப்பெரு விண்மீனை 8.96 நாளுக்கு ஒருமுறை அது மிக நெருங்கிச் சுற்றுகிறது; 283 நொடிக்கு ஒருமுறை தன்னைத்தானே சுழன்று துடிக்கிறது. எந்த நொடியிலும் தன்னைச் சூழ்ந்திருக்கும் சிறிதளவு வாயுவைத்தான் அதால் பிடிக்க முடியும். அடர்ந்த திட்டு வந்து விழுந்தால் சில மணி நேரம் பல மடங்கு வெளிச்சம்; வெற்றிடம் வந்தால் கிட்டத்தட்ட அணைந்தே போகிறது. லட்சம் திட்டுகளின் கூட்டுத்தொகையைப் பார்ப்பதற்கும் ஒவ்வொன்றாக எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு இது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் போன்ற விண்கலங்களுக்கு இவ்வகை இரட்டைகள் நல்ல இலக்கு. வெளிச்சம் அதிகம், வன் எக்ஸ் கதிரும் நிறைய. ஸீட்டா பப்பிஸ் போன்ற மென்மையான மூலங்களுக்குப் பெரிய கண்ணாடிகள் வேண்டும்.

அப்படியானால் ஸீட்டா பப்பிஸ் மாறுவதே இல்லையா? 16.7 மணி நேர மாற்றம் உண்டு என்று ஒரு பழைய புத்தகத்தில் இருக்கிறது, 1.78 நாள் என்று வேறோர் இடத்தில் இருக்கிறது. எது சரி?
– வானியல் மன்ற உறுப்பினர், கோயம்புத்தூர்

மாறுகிறது, ஆனால் மெதுவாக.

16.7 மணி நேரம் என்பது ரோசாட் என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோளின் தரவிலிருந்து 1996-இல் சொல்லப்பட்டது. 0.9 முதல் 2.0 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரையுள்ள பட்டையில் மட்டும், சுமார் 6 சதவீத ஏற்ற இறக்கம். அதே நேரத்தில் தரையிலிருந்து பார்த்த ஹைட்ரஜன் கோட்டிலும் அதே காலம் தெரிந்தது என்பதால் பலரும் நம்பினார்கள். பின்னர் எக்ஸ்எம்எம்-நியூட்டன் பல மடங்கு அதிக ஃபோட்டான்களைச் சேர்த்துத் தேடியபோது அது கிடைக்கவில்லை.

1.78 நாள் வலுவான அடித்தளம் உள்ளது. விண்வெளியிலிருந்து எடுத்த ஒளி அளவீடுகளில் 2014-இல் முதலில் தெரிந்தது. பிறகு 20 சென்டிமீட்டர் கனசதுர அளவே உள்ள பிரைட் நுண்செயற்கைக்கோள்கள் மாதக்கணக்கில் கண்ணெடுக்காமல் பார்த்து உறுதி செய்தன. விண்மீன் தன்னைச் சுற்றும் காலம் அது. மேற்பரப்பில் உள்ள வெளிச்சத் திட்டுகள் சுழற்சியோடு வந்து போகின்றன என்பது விளக்கம். அந்தத் திட்டுகளின் மேலிருந்து கிளம்பும் காற்று வேறு வேகத்தில் போவதால், தோட்டத்தில் சுழலும் நீர்த்தெளிப்பான் போடும் வளைவுபோல் சுருள் அலை உண்டாகிறது. சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி 2018–19-இல் மொத்தம் 8 லட்சம் நொடிக்கு மேல் இந்த ஒரே விண்மீனைப் பார்த்தது. அந்தத் தரவில் எக்ஸ் கதிரிலும் 1.78 நாள் தெரிந்தது, 2021-இல் வெளியானது. எக்ஸ் கதிரின் உச்சமும் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் உச்சமும் ஒரே வேளையில் விழவில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்எம்எம் இத்தனை ஆண்டு பார்த்தும் இதை ஏன் எளிதில் பிடிக்கவில்லை? அதன் சுற்றுப்பாதையைப் பாருங்கள். பூமியை ஒருமுறை சுற்ற சுமார் 48 மணி நேரம். கதிர்வீச்சுப் பட்டையைக் கடக்கும் நேரம் போக, ஒரே மூச்சில் பார்க்கக் கிடைப்பது அதிகபட்சம் 40 மணி நேரத்துக்குள். 1.78 நாள் என்பது 42.7 மணி. ஒரு முழுச் சுழற்சி ஒரு பார்வைக்குள் அடங்காது! மேலும் கீழும் போகும் அலையில் பாதியை மட்டும் பார்த்தால் அது மெதுவான ஏற்றம் அல்லது இறக்கம் போலத்தான் தெரியும். தனித்தனிப் பார்வைகளில் அப்படிச் சாய்கோடுகள் தெரிந்தது உண்மை.

இன்னொரு மெதுவான மாற்றமும் உண்டு. சந்திரா 2000-இல் எடுத்த நிறமாலையோடு 2018–19-ஐ ஒப்பிட்டால், எக்ஸ் கதிர் கூடியிருக்கிறது. கோடுகளின் வடிவமும் மாறியிருக்கிறது. காற்றின் பின்பக்கத்திலிருந்து வரும் கதிர் வழியிலேயே உறிஞ்சப்படுவதால் கோடுகள் நீலப் பக்கம் (குறைந்த அலைநீளப் பக்கம்) சாய்ந்திருக்கும். எவ்வளவு சாய்வு என்பதை வைத்து வாயுவின் அளவைச் சொல்லலாம். அந்தக் கணக்கில் நிறை இழப்பே சுமார் 40 சதவீதம் கூடியிருக்கிறது.

டபிள்யூ.ஆர். 140, ஈட்டா கரினே என்ற இரட்டை விண்மீன்கள் பல ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ் கதிரில் பெரிதாக மாறுகின்றன என்கிறார்கள். இரண்டின் காற்றும் மோதுவதால் என்றால், மோதல் எப்போதும் நடந்துகொண்டுதானே இருக்கிறது?
– பொறியாளர், சிங்கப்பூர்

நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் இரண்டு விண்மீனுக்கும் இடையே உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கிறது.

டபிள்யூ.ஆர். 140-இல் கார்பன் மிகுந்த உல்ஃப்–ராயே விண்மீனும் (வெளியுறையை இழந்து பலத்த காற்று வீசும் முதிர்ந்த பெருநிறை விண்மீன்) ஓ வகை விண்மீனும் 7.93 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. பாதை மிக நீண்ட நீள்வட்டம். மையப்பிறழ்வு சுமார் 0.9 (வட்டம் என்றால் 0; 1-ஐ நெருங்க நெருங்கப் பாதை நீளும்). எட்டத்தில் இருக்கும்போது இடைவெளி பூமி–சூரியன் தூரத்தைப்போல் சுமார் 26 மடங்கு, அண்மையில் சுமார் ஒன்றரை மடங்கு. இரண்டு காற்றும் நேருக்கு நேர் முழு வேகத்தில் மோதுவதால் வெப்பநிலை கோடிக்கணக்கான டிகிரிக்குப் போய், வன் எக்ஸ் கதிர் வருகிறது.

எவ்வளவு வரும் என்பதைத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். இடைவெளி பாதியானால் மோதும் இடத்தில் அடர்த்தி 4 மடங்கு. எக்ஸ் கதிர் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது: 16 மடங்கு. ஆனால் வெந்த வாயுவின் கன அளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். 16-ஐ 8-ஆல் வகுத்தால் 2. அதாவது தூரம் பாதியானால் எக்ஸ் கதிர் இரண்டு மடங்கு. வாயு மெதுவாக ஆறும்வரை இந்தக் கணக்கு நிற்கும். மிக நெருங்கும்போது அடர்ந்த வாயு தன் வெப்பத்தைக் கதிராகக் கொட்டி வேகமாக ஆறிவிடுவதால் கணக்கு உடைகிறது, டபிள்யூ.ஆர். 140-இல் அண்மைப்புள்ளிக்குப் பக்கத்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வருகிறது. அந்த ஆறிய வாயுவிலிருந்துதான் ஒவ்வொரு சுற்றிலும் தூசு பிறக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படத்தில், மரத்தின் ஆண்டு வளையங்கள் போல 17-க்கும் குறையாத தூசு வளையங்கள் 2022-இல் தெரிந்தன.

ஈட்டா கரினேயின் காலம் 2,022.7 நாள், ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு. பிரேசிலைச் சேர்ந்த அகஸ்டோ டமினெலி 1996-இல் நிறமாலைக் கோடுகள் வந்து மறைவதைப் பார்த்து இதைக் கண்டார். பெரிய விண்மீனின் காற்று நொடிக்கு சுமார் 420 கிலோமீட்டர், மிக அடர்த்தி. துணையின் காற்று 3,000 கிலோமீட்டர், மெல்லியது. அண்மைப்புள்ளியை நெருங்க நெருங்க எக்ஸ் கதிர் ஏறிக்கொண்டே போகும். இடையிடையே திடீர்ப் பாய்ச்சல்கள். பிறகு சில வாரத்துக்குள் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காக விழுந்துவிடும். 1997–98, 2003, 2009, 2014, 2020 எனத் தவறாமல் விழுந்தது. ஆர்.எக்ஸ்.டி.இ., ஸ்விஃப்ட் செயற்கைக்கோள்களும் அதன்பின் விண்வெளி நிலையத்தில் உள்ள நைசர் கருவியும் இதைத் தொடர்ந்து பதிவு செய்தன.

விழுவதற்குக் காரணம் மறைப்பா, அணைப்பா? இதைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. முன்னால் வாயுத் திரை வந்தால் மென் கதிர்தான் முதலில் சாகும். வன் கதிர் திரையை ஊடுருவி வந்துவிடும். உற்பத்தியே குறைந்தால் இரண்டும் சேர்ந்து குறையும். ஈட்டா கரினேயில் இரண்டும் கலந்து நடக்கிறது: பெரிய விண்மீனின் காற்று மறைக்கிறது, அதோடு மோதல் முகமும் தற்காலிகமாகக் குலைகிறது. 2009-இல் இருட்டு முந்தைய இரண்டு தடவைகளைவிட ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகவே முடிந்தது. சுற்றுப்பாதை மணிபோல் ஓடுகிறது என்றால், மாறியிருப்பது காற்றாகத்தான் இருக்க வேண்டும்.

காந்தப்புலம் உள்ள பெரிய விண்மீன்களில் இந்த மாற்றம் எப்படி வேறுபடும்?
– ஆய்வு மாணவர், மதுரை

ஒரே எடுத்துக்காட்டு போதும்: ஓரியன் நெபுலாவின் நடுவில் உள்ள தீட்டா-1 ஓரியானிஸ் சி. துருவத்தில் காந்தப்புலம் சுமார் 1,100 கவுஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). வடக்குத் துருவக் காற்றும் தெற்குத் துருவக் காற்றும் காந்தக் கோடுகளின் வழியே ஓடி நடுக்கோட்டில் நேருக்கு நேர் மோதி, சுமார் 3 கோடி டிகிரி வெப்பத்தில் ஒரு வளையம் உண்டாகிறது. காந்த அச்சும் சுழற்சி அச்சும் ஒன்றுக்கொன்று சாய்ந்திருப்பதால், 15.4 நாள் சுழற்சியில் அந்த வளையம் ஒருமுறை நமக்கு முகம் காட்டும், ஒருமுறை விளிம்பைக் காட்டும். விளிம்பைக் காட்டும்போது வளையத்தின் ஒரு பகுதியை விண்மீனே மறைப்பதால் எக்ஸ் கதிர் குறைகிறது. கடிகாரம்போல் திரும்பத் திரும்ப வரும் மாற்றம் இது. மணிக்கணக்கில் மாறுவதற்கு ஸை-1 கேனிஸ் மேஜாரிஸ் உண்டு. அது துடிக்கும் காந்த விண்மீன், சுமார் 5 மணி நேரத் துடிப்பு எக்ஸ் கதிரிலும் சுமார் 10 சதவீதம் தெரிவதாக 2014-இல் அறிவித்தார்கள்.

எம்.எஸ்சி. திட்டப்பணிக்கு எக்ஸ்எம்எம் காப்பகத்தில் உள்ள தரவை எடுத்து ஒரு ஓ விண்மீனின் ஒளிமாற்றத்தைப் பார்க்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது? எதில் ஏமாறுவேன்?
– மாணவர், திருச்சி

தரவும் மென்பொருளும் இலவசம். லினக்ஸ் கணினி, 8 ஜிபி நினைவகம், 100 ஜிபி இடம் இருந்தால் போதும். எக்ஸ்எம்எம் தரவைக் கையாளும் எஸ்.ஏ.எஸ். (SAS) என்ற மென்பொருளை நிறுவி, பார்வை எண்ணைக் கொடுத்து மூலக் கோப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்எம்எம்-இல் பிஎன் என்ற கேமரா ஒன்றும் மாஸ் என்ற கேமராக்கள் இரண்டும் உண்டு. சிஃப்பில்ட் (cifbuild), ஓடிஎஃப்இன்ஜெஸ்ட் (odfingest), பிறகு பிஎன் கேமராவுக்கு ஈபிப்ராக் (epproc), மாஸ் கேமராக்களுக்கு ஈஎம்ப்ராக் (emproc) என்ற கட்டளைகளை இந்த வரிசையில் ஓட்டினால், ஒவ்வொரு ஃபோட்டானும் எந்த நொடியில், எங்கே, என்ன ஆற்றலோடு விழுந்தது என்ற பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியல்தான் உங்கள் மூலதனம். அதை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் பின்னணி. சூரியனிலிருந்தும் பூமியின் காந்தமண்டலத்திலிருந்தும் வரும் மென் புரோட்டான்கள் கண்ணாடியில் வழுக்கி உள்ளே வந்து, விண்மீன் பொங்கியதுபோல் காட்டும். பிஎன் கேமராவில் 10–12 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் பட்டையில், ஒரே படப்புள்ளியில் பதிந்த நிகழ்வுகளை (PATTERN 0) மட்டும் எடுத்து, 100 நொடிக்கு ஒரு புள்ளியாக வரையுங்கள். இந்த ஆற்றலில் ஓ விண்மீன் எதுவும் தராது. தெரிவது எல்லாம் பின்னணி. நொடிக்கு 0.4 நிகழ்வுக்கு மேல் போகும் நேரங்களை வெட்டுங்கள். மாஸுக்கு 10-க்கு மேல் உள்ள ஆற்றலில் 0.35. வெட்டிய இடங்கள் வரைபடத்தில் ஓட்டையாகும். அந்த ஓட்டைகளின் நேரப் பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து, விண்மீனைச் சுற்றி 30 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) ஆரமுள்ள வட்டம். கேமராவின் அதே சில்லில் (சிப்), வேறு மூலம் எதுவும் இல்லாத இடத்தில் பின்னணி வட்டம். ஒரு நிகழ்வு எத்தனை படப்புள்ளிகளில் எப்படிப் பரவியது என்பதைக் காட்டும் PATTERN எண், பிஎன்-க்கு 4 வரை, மாஸுக்கு 12 வரை. எவ்செலெக்ட் (evselect) கட்டளையில் வரைந்தபின் எபிக்எல்சிகார் (epiclccorr) கொண்டு திருத்துங்கள். கண்ணாடியின் ஓர மங்கல், ஓட்டை நேரம் எல்லாவற்றையும் அது ஈடுகட்டும். இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு மாற்றம் கண்டுபிடித்ததாக எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. 0.3–0.6, 0.6–1.2, 1.2–4.0 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என மூன்று பட்டையாகப் பிரித்து வரைந்தால், மறைப்பா உற்பத்தியா என்று மேலே சொன்ன சோதனையையும் செய்துவிடலாம்.

புள்ளிக்கு எத்தனை நொடி? இங்கேயும் வர்க்கமூலம்தான். நொடிக்கு 5 ஃபோட்டான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 நொடிக்கு 1,000 ஃபோட்டான். அதன் இயல்பான தடுமாற்றம் 3.2 சதவீதம். 3 சதவீத மாற்றத்தைத் தேடும் நீங்கள் இதில் எதையும் காண முடியாது. 2,000 நொடி வைத்தால் 10,000 ஃபோட்டான், 1 சதவீதம், இப்போது தேடலாம். புள்ளியை இன்னும் பெரிதாக்கினால் குறுகிய துடிப்பு அதற்குள்ளேயே கரைந்துவிடும். அதனால் 500, 1,000, 2,000, 5,000 நொடி என நான்கும் வரைந்து பாருங்கள்.

ஏமாற்றும் இடங்கள் நாலைந்து உண்டு. கண்ணுக்குத் தெரியும் விண்மீன் என்றால் அதன் சாதாரண ஒளியே சில்லில் மின்னூட்டம் சேர்த்துப் பொய் நிகழ்வுகளை உண்டாக்கும். தடித்த வடிகட்டி போட்டு எடுத்த பார்வையா என்று கோப்பின் தலைப்பில் பாருங்கள். வெளிச்சம் அதிகமான மூலத்தில் ஒரே படச்சட்டத்தில் இரண்டு ஃபோட்டான் விழுந்தால் கேமரா இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, இரட்டை ஆற்றலுள்ள ஒரே ஃபோட்டானாக எழுதிவிடும். விண்மீன் பிரகாசமாகும்போது எண்ணிக்கை குறைந்து, கதிர் வன்மையானதுபோல் தெரியும். எபாட்ப்ளாட் (epatplot) போட்டுப் பார்த்து, வளைவு எதிர்பார்க்கும் கோட்டிலிருந்து விலகினால் வட்டத்தின் நடுப்பகுதியை நீக்கிவிட்டு வளையத்தை மட்டும் எடுங்கள். பக்கத்தில் இளம் சிறு விண்மீன் இருந்தால், அதன் வெடிப்பு உங்கள் ஓ விண்மீனின் கணக்கில் ஏறும். சில மணி நேரத்தில் சட்டென்று ஏறி மெதுவாக இறங்கும் வடிவமும் வன்மையான கதிரும் சேர்ந்து வந்தால் முதலில் பக்கத்து வீட்டைச் சந்தேகப்படுங்கள்.

இவை அனைத்துக்கும் சேர்த்து ஒரே நல்ல மருந்து: பிஎன், மாஸ்-1, மாஸ்-2 மூன்றும் ஒரே நேரத்தில் பார்க்கின்றன. உண்மையான மாற்றம் மூன்றிலும் இருக்கும். ஒன்றில் மட்டும் இருந்தால் அது கருவியின் வேலை.

காலம் தேடுகிறீர்கள் என்றால், அதற்கு முன் பேரிசென் (barycen) கட்டளையால் நேரத்தைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றுங்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் வேறுபாடு 8 நிமிடம்வரை போகும். நாள்கணக்கான காலத்துக்கு ஒரே பார்வைக்குள் இது பெரிதல்ல. பல ஆண்டுத் தரவை ஒட்டும்போது தேவை. 1,000 அதிர்வெண்களைச் சோதித்தால், வெறும் இரைச்சலிலேயே மூன்று சிக்மா (இயல்பான தடுமாற்றத்தைப்போல் மூன்று மடங்கு) உச்சம் மூன்று தடவை வரும் என்பதை நினைவில் வையுங்கள். பத்திரப்படுத்திய ஓட்டை நேரப் பட்டியல் இங்கேதான் உதவும்: மாறாத ஒரு பொய் விண்மீனை அதே ஓட்டைகளோடு ஆயிரம் தடவை கணினியில் உருவாக்கி, அதே தேடலை ஓட்டுங்கள். உங்கள் உச்சத்தைவிடப் பெரிய உச்சம் அவற்றில் பத்துக்கு மேல் வந்தால், 16.7 மணி நேரத்தை நினைத்துக்கொண்டு கண்டுபிடிப்பு என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். மாற்றம் இல்லை, இத்தனை சதவீதத்துக்கு மேல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று எல்லை சொல்லி எழுதினாலே அது முழுமையான திட்டப்பணி. அந்த எல்லையிலிருந்து திட்டுகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு ஒரு பத்தி சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

சந்திரா தொலைநோக்கி நம் சந்திரசேகரின் பெயர்தானே? இந்த விண்மீன்களில் எதையாவது எங்கள் ஊரிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்க முடியுமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்

ஆமாம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் இங்கிலாந்து சென்ற சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான். 1999 ஜூலையில் ஏவினார்கள்.

எக்ஸ் கதிர் நம் காற்றுமண்டலத்தைத் தாண்டி வராது. ஆனால் அதே விண்மீன்களின் சாதாரண ஒளியை நீ நன்றாகப் பார்க்கலாம். பிப்ரவரி கடைசியில் இரவு 10 மணிக்குத் தெற்கு நோக்கி நில். தாழ்வாக, வலப்பக்கம், மிகப் பிரகாசமாக இருப்பது அகத்திய நட்சத்திரம். நேர் தெற்கில், அடிவானத்திலிருந்து 42 டிகிரி உயரத்தில் ஸீட்டா பப்பிஸ் இருக்கும்; கையை நீட்டி முட்டியை மடக்கினால் ஒரு முட்டி 10 டிகிரி, ஆக நான்கு முட்டிக்குச் சற்று மேலே. அதிலிருந்து முக்கால் முட்டி கீழே வந்தால் காமா வேலோரம். அதுவும் உல்ஃப்–ராயே விண்மீனும் ஓ விண்மீனும் 78.5 நாளுக்கு ஒருமுறை சுற்றும் இரட்டைதான், நமக்கு மிக அருகில் உள்ள உல்ஃப்–ராயே. ஏப்ரல் தொடக்கத்தில் அதே நேரம் நேர் தெற்கில் இரண்டு முட்டி உயரத்தில் ஈட்டா கரினே வரும்; மங்கலானது, கடற்கரை விளக்குகள் இல்லாத இடமாகப் பார்த்துக்கொள். அப்பாவிடம் பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போ.